நின்றுபோன கோபுரக் கடிகாரங்கள்: பழுதுநீக்கமும் பாதுகாப்பும் – ஒரு விளக்கம்

கொல்லங்கோடு: பழமையான கோபுரக் கடிகாரம் ஒன்று நின்றுவிட்டால், அதனை மீண்டும் இயக்க மூன்று வழிகள் உள்ளன. பழைய இயந்திரத்தையே பழுதுநீக்கி ஓடவிடுவது முதல் வழி. அந்த இயந்திரத்தை இருந்த இடத்திலேயே விட்டுவைத்து, முட்களை மட்டும் மின்மோட்டாரால் இயக்குவது இரண்டாவது. இயந்திரத்தை அகற்றிவிட்டு முற்றிலும் புதிய மின்னணுக் கடிகாரத்தைப் பொருத்துவது மூன்றாவது. செலவும் நேரமும் குறைவு என்பதால் பல ஊர்களில் மூன்றாவது வழியே தேர்ந்தெடுக்கப்படுகிறது. கழற்றப்பட்ட இயந்திரம் பெரும்பாலும் பழைய இரும்பாக எடைக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு முதல் இரண்டு வழிகளுக்கும் திரும்ப இயலாது.

அரண்மனை, தேவாலயம், நகராட்சிக் கட்டடம், பள்ளி, சந்தைத் திடல் என எங்கு நின்றாலும் கோபுரக் கடிகாரத்தின் அடிப்படை அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. அது எவ்வாறு இயங்குகிறது, ஏன் நிற்கிறது, எவ்வாறு சீரமைக்கப்பட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஊருக்கொரு நேரம் இருந்த காலம்

கைக்கடிகாரம் பரவலாவதற்கு முன்னர், ஊரின் பொது நேரத்தை அறிவித்தவை கோபுரக் கடிகாரங்களே. அக்காலத்தில் ஒவ்வோர் ஊருக்கும் சூரியனைப் பொறுத்து அமைந்த தனி நேரம் இருந்தது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகும். கொல்லங்கோடு கிழக்குத் தீர்க்கரேகை 76.7 பாகையை ஒட்டி அமைந்துள்ளது. சென்னை 80.3 பாகையை ஒட்டி உள்ளது. ஆகவே சென்னையில் உச்சிப்பொழுதாகி ஏறத்தாழ 14 நிமிடம் கழித்தே கொல்லங்கோட்டில் உச்சிப்பொழுதாகும்.

இந்தியாவில் சீரான நேரக் கணிப்புக்குச் சென்னை வானாய்வகம் அடித்தளமிட்டது. வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் 1802-இல் கணித்த சென்னை நேரம், கிரீனிச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னதாக இருந்தது. பின்னர் ரயில்வே துறையும் அந்த நேரத்தையே கையாண்டது. 1906 ஜனவரி 1 முதல், கிரீனிச் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னதாக அமைந்த இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, கொல்லங்கோட்டின் இயல்பான சூரிய நேரத்தைவிட இன்றைய கடிகார நேரம் ஏறத்தாழ 23 நிமிடம் முந்தியுள்ளது. இந்த மாற்றங்களை மக்களுக்குக் காட்டிய கருவிகள் என்ற முறையில் கோபுரக் கடிகாரங்கள் வரலாற்றுச் சான்றுகளாகவும் மதிக்கப்படுகின்றன.

கேரளத்தின் இரு முன்னுதாரணங்கள்

கேரளத்தில் இத்தகைய கடிகாரங்களுக்கு இரண்டு சிறந்த எடுத்துக்காட்டுகள் உள்ளன. ஒன்று, கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தின் மணிக்கூண்டு. தொழுகைக்கூடம் 1568-இல் கட்டப்பட்டது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் வணிகத் தொடர்பு கொண்டிருந்த எசக்கியேல் ரஹாபி, 1760-இல் மணிக்கூண்டை எழுப்பினார். எபிரேய எண்கள், ரோமானிய எண்கள், மலையாள எண்கள் ஆகியவை அதன் வெவ்வேறு முகப்புகளில் இடம்பெற்றன. ஒரே கடிகாரத்தைப் பல சமூகத்தினரும் தத்தம் எழுத்தில் படிப்பதற்கான ஏற்பாடு அது. நெடுங்காலம் பழுதுற்றிருந்த மணிக்கூண்டு, 1990-களின் இறுதியில் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் ஆதரவுடன் சீரமைக்கப்பட்டது.

மற்றொன்று, திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் பத்மதீர்த்தக் குளத்தருகே உள்ள மேத்தன் மணி. தாடி வைத்த மனித முகம் ஒன்று ஒவ்வொரு மணிக்கும் வாய் திறக்க, இருபுறமும் உள்ள ஆட்டுக்கடாக்கள் அதன் கன்னங்களில் முட்டும் வகையில் இது அமைக்கப்பட்டுள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்த இக்கடிகாரம், திருவிதாங்கூர் அரசின் வானியலாளராகப் பணியாற்றிய ஜான் கால்டெகாட்டின் பெயருடன் தொடர்புபடுத்தப்படுகிறது. நேரம் காட்டும் பொறியுடன் அசையும் உருவங்களும் இணைந்திருப்பதால், இதனை வெறும் முட்களை நகர்த்தும் மோட்டாரால் மாற்றீடு செய்ய இயலாது.

கடிகாரத்துக்குள் நடப்பது என்ன?

கோபுரக் கடிகாரத்தின் எரிபொருள் புவியீர்ப்பு விசையே. உருளையில் சுற்றப்பட்ட கம்பிவடத்தின் முனையில் கனத்த எடைகள் தொங்குகின்றன. அவை மெல்லக் கீழிறங்கும்போது உருளை சுழன்று, பற்சக்கரங்களை இயக்குகிறது. எடை அடித்தளத்தை எட்டுவதற்குள் மீண்டும் மேலேற்ற வேண்டும். இதுவே சாவி கொடுத்தல். கடிகாரத்தின் அமைப்பைப் பொறுத்து நாள்தோறும் அல்லது வாரம் ஒருமுறை இப்பணி நடைபெறும்.

ஓர் இயந்திரத்தில் பொதுவாக இரண்டு அல்லது மூன்று சக்கரத் தொகுதிகள் இருக்கும். முட்களை நகர்த்த ஒன்று, முழு மணியை ஒலிக்க ஒன்று, கால் மணிக்கொருமுறை இசைக்க மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி எடை உண்டு. முழு மணியை மட்டும் ஒலிக்கும் கடிகாரம்கூட ஒரு நாளில் 156 முறை சுத்தியலை உயர்த்தி அடிக்கிறது. அதனால் மணி அடிக்கும் தொகுதியே விரைவில் தேய்மானம் அடைகிறது.

எடையின் விசை ஒரேயடியாக வெளியேறாமல் தடுத்து, ஊசலின் அசைவுக்கேற்ப ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும் பகுதியை எஸ்கேப்மென்ட் என்று தொழில்முறைப் பழுதுநீக்குநர்கள் அழைக்கின்றனர். கடிகாரத்தின் 'டிக்' ஒலி இங்கிருந்தே எழுகிறது. ஒரு பக்க அசைவுக்கு ஒரு விநாடி எடுத்துக்கொள்ளும் ஊசலின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். இரண்டு விநாடி எடுத்துக்கொள்ள வேண்டுமானால் நீளம் நான்கு மடங்காக, அதாவது சுமார் நான்கு மீட்டராக இருக்க வேண்டும்.

இயந்திரத்திலிருந்து புறப்படும் நீண்ட தண்டுகள், சாய்வுப் பற்சக்கரங்களின் வழியாக நான்கு திசை முகப்புகளுக்கும் இயக்கத்தைக் கொண்டு செல்கின்றன. முகப்பின் பின்புறமுள்ள சிறு சக்கரத் தொகுதி, நிமிட முள் பன்னிரண்டு முறை சுற்றும்போது மணி முள் ஒருமுறை சுற்றுமாறு செய்கிறது.

காற்றும் வெப்பமும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அமைந்த பாலக்காட்டுக் கணவாயின் தென்விளிம்பில், நெல்லியாம்பதி மலையடிவாரத்தில் கொல்லங்கோடு உள்ளது. தென்மேற்குப் பருவக்காலத்தில் மேற்கிலிருந்தும், பனிக்காலத்தில் கிழக்கிலிருந்தும் இக்கணவாய் வழியே பலத்த காற்று வீசுகிறது. திறந்த வெளியில் நிற்கும் கோபுரக் கடிகாரத்தின் முட்களைக் காற்று நேரடியாகத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் சக்கரங்களின் வழியே ஊசலை எட்டினால் நேரம் தவறும்.

இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டது லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கடிகாரம். அங்குள்ள ஒவ்வொரு முகப்பும் ஏறத்தாழ ஏழு மீட்டர் விட்டம் கொண்டது. எட்மண்ட் பெக்கெட் டெனிசன் உருவாக்கிய ஈர்ப்புவிசை எஸ்கேப்மென்ட்டில், சக்கரங்கள் ஊசலை நேரடியாகத் தள்ளுவதில்லை. அவை இரு சிறு கைகளைக் குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்கிவைக்கின்றன. அக்கைகள் தம் எடையால் விழுந்து ஊசலைத் தள்ளுகின்றன. விழும் உயரம் மாறாததால், காற்று எவ்வளவு வீசினாலும் ஊசலுக்குக் கிடைக்கும் உந்துதல் மாறுவதில்லை. 1859-இல் இயங்கத் தொடங்கிய அக்கடிகாரத்துக்குப் பின், உலகெங்கும் பல கோபுரக் கடிகாரங்கள் இம்முறையைப் பின்பற்றின.

வெப்பமும் நேரத்தை மாற்றும். எஃகால் ஆன ஊசல் தண்டு ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால், கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை விநாடி பின்தங்கும். மழைக்காலச் சராசரியைவிடக் கோடையில் 10 பாகை கூடுதலாக இருந்தால், அது வாரத்துக்கு 35 விநாடியாகச் சேரும். உலர்ந்த மரத் தண்டுகளும், வெப்பத்தால் மிகக் குறைவாகவே விரியும் இன்வார் என்னும் இரும்பு-நிக்கல் கலப்பு உலோகமும் இதனைத் தணிக்கின்றன. இன்வாரைக் கண்டறிந்த சார்லஸ் எடுவார் கியோம் 1920-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

கடிகாரம் ஏன் நிற்கிறது?

சாவி கொடுப்பவர் ஓய்வு பெற்று, அப்பணியிடம் நிரப்பப்படாமல் போவதே பல கடிகாரங்கள் நின்றதற்கு முதற்காரணம். இயங்காமல் கிடக்கும் கடிகாரம் ஓடும் கடிகாரத்தைவிட விரைவாகப் பழுதடைகிறது. எண்ணெய் இறுகிப் பசையாகிறது. எஃகுத் தண்டுகளில் துரு ஏறுகிறது. உடைந்த சாளரம் வழியே புறாக்கள் நுழைகின்றன. அவற்றின் எச்சம் உலோகத்தை அரிப்பதுடன், உலர்ந்து தூளாகும்போது சுவாச நோய்களுக்கும் காரணமாகலாம். தேன்கூடுகளும் கரையான் அரித்த உத்தரங்களும் கூடுதல் இடர்கள்.

ஓடும் கடிகாரத்தில் பெரும் பகை தூசியே. மென்மையான பித்தளைச் சக்கரத்தில் பதியும் நுண்மணல், அதனுடன் உரசும் கடினமான எஃகுப் பற்களையே அரம்போல் தேய்க்கிறது. அளவுக்கு மீறி எண்ணெய் ஊற்றுவதும் இதே விளைவைத் தரும். எண்ணெய் தேவைப்படுவது தண்டு முனைகளுக்கும் எஸ்கேப்மென்ட்டின் தொடுபரப்புகளுக்குமே. சிறு சக்கரங்களின் பற்களில் பூசப்படும் எண்ணெய் தூசியைப் பிடித்துவைக்கும்.

முதலில் பாதுகாப்பு

பழுதுநீக்கத்தின் முதல் படி கடிகாரத்தைக் கழற்றுவது அன்று. எடைகளைப் பாதுகாப்பாக இறக்குவதே ஆகும். 100 கிலோ எடை 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் வெளிப்படும் ஆற்றல், ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதற்கு நிகரானது. இற்றுப்போன கம்பிவடத்தில் எடை தொங்கும் கோபுரத்துக்குள் பயிற்சியற்றவர்கள் நுழைவது உயிருக்கு ஆபத்தானது. எடை இறங்கும் வழியை அடைப்பதும், அதன் அடியில் மணல் நிரப்பிய பெட்டி வைப்பதும் பழமையான முன்னெச்சரிக்கைகள்.

சக்கரத் தொகுதி கட்டுப்பாடிழந்தால் என்ன ஆகும் என்பதற்கு, 1976 ஆகஸ்ட் 5 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் நிகழ்ந்த விபத்து சான்று. உலோகச் சோர்வால் ஒரு பாகம் முறிந்ததில், கால் மணி இசைக்கும் தொகுதி வேகத்தடையின்றிச் சுழன்று சிதறியது. எவருக்கும் காயம் ஏற்படவில்லை எனினும், முழுமையான பழுதுநீக்கம் 1977 மே மாதம்வரை நீடித்தது.

சீரமைப்பின் படிநிலைகள்

எடைகள் இறக்கப்பட்ட பின் ஆவணப்படுத்தல் தொடங்குகிறது. ஒவ்வொரு பாகமும் இருந்த இடத்திலேயே படமெடுக்கப்பட்டு, எண்ணிட்ட அடையாள அட்டை கட்டப்படுகிறது. சட்டகத்தில் பொறித்த தயாரிப்பாளர் பெயர், ஆண்டு, முன்னைய பழுதுநீக்குநர்கள் கீறிவைத்த குறிப்புகள் ஆகியவை பதிவு செய்யப்படுகின்றன. இக்கீறல்களைத் தேய்த்து மெருகேற்றுவது, ஏட்டுச்சுவடியின் எழுத்தைச் சுரண்டுவதற்கு ஒப்பாகும்.

அடுத்து, பாகங்கள் கழற்றிச் சுத்தம் செய்யப்பட்டு, தேய்மானம் அளக்கப்படுகிறது. தண்டு முனை சுழலும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், அதில் வெண்கல புஷ் பொருத்தப்படும். முறிந்த பற்களுக்குப் பதிலாக அதே அளவில் புதிய பற்கள் பதிக்கப்படும். முழுச் சக்கரத்தையும் மாற்றுவது கடைசி வழியாகவே கருதப்படுகிறது. கம்பிவடங்கள் மட்டும் விதிவிலக்கு. அவற்றில் ஓரிழை அறுந்திருந்தாலும் முழுவதுமாக மாற்றுவதே பாதுகாப்பானது.

பின்னர் முட்களின் எதிர்எடைகள் சமன்செய்யப்படுகின்றன. மணிச் சுத்தியல் அடித்தவுடன் விலகி, மணியைத் தொடாமல் சிறு இடைவெளியில் நிற்குமாறு திருத்தப்படுகிறது. சுத்தியல் மணியின்மீது படிந்து நின்றால் ஓசை மழுங்குவதுடன் மணியும் விரிசல் காணலாம். இறுதியாக, இயந்திரம் பணிமனையில் சில வாரங்கள் சோதனையாக ஓடவிடப்பட்டு, அதன் பிறகே கோபுரம் ஏறும். நேரத்தை நுட்பமாகத் திருத்துவதற்கு ஊசலின் மேற்பகுதியில் சிறு எடைகளை வைப்பது வழக்கம். வெஸ்ட்மின்ஸ்டர் ஊசலில் பழைய பிரிட்டிஷ் பென்னி நாணயம் ஒன்றைச் சேர்த்தால், கடிகாரம் நாளொன்றுக்கு 0.4 விநாடி விரைவுபடும்.

மோட்டார் பொருத்துவது தவறா?

தவறன்று, பொருத்தும் முறையே முக்கியம். தினமும் படியேறிச் சாவி கொடுக்க ஆள் இல்லாத இடங்களில், எடைகளை மேலேற்ற மட்டும் மின்மோட்டாரைப் பயன்படுத்தலாம். அப்போது பழைய இயந்திரமே தொடர்ந்து நேரம் காட்டும். இயந்திரம் மிகவும் நலிந்திருந்தால், அதனைத் துண்டித்துவிட்டு முகப்பின் பின்புறம் மோட்டாரைப் பொருத்தலாம். செயற்கைக்கோள் சமிக்ஞை பெறும் கட்டுப்பாட்டுக் கருவி, மின்தடைக்குப் பின் தானாகவே நேரத்தைத் திருத்திக்கொள்ளும்.

எச்செயலையும் பின்னர் மீட்டுத் திரும்பப் பெறும் வகையில் செய்ய வேண்டும் என்பதே பாதுகாப்புத் துறையின் அடிப்படை நெறி. சட்டகத்தில் புதிய துளையிடுவது, தண்டுகளை வெட்டுவது, இயந்திரத்தைக் கோபுரத்திலிருந்து அகற்றுவது ஆகியன இந்நெறிக்கு எதிரானவை. 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் மூலப் பொருளுக்கு மதிப்பளிக்க வலியுறுத்துகிறது. சட்டப் பாதுகாப்பு பெறாத பாரம்பரியக் கட்டடங்களுக்காக, கலை மற்றும் பண்பாட்டுப் பாரம்பரியத்துக்கான இந்தியத் தேசிய அறக்கட்டளையான இன்டாக் 2004-இல் தனிச் சாசனம் வெளியிட்டது. மரபுவழிக் கைவினைஞர்களின் அறிவையும் காக்க வேண்டும் என்பது அதன் சிறப்புக் கூறு.

மீண்டு எழுந்த கடிகாரங்கள்

லக்னோவின் ஹுசைனாபாத் மணிக்கூண்டு 1880-களில் கட்டப்பட்டது. சுமார் 67 மீட்டர் உயரமும் மலரிதழ் வடிவ முகப்பும் கொண்ட இக்கோபுரத்தின் கடிகாரம் 1984-இல் நின்றது. பல முயற்சிகள் பயனளிக்காத நிலையில், தன்னார்வலர்கள் இருவரின் உழைப்பால் 2011-இல் மீண்டும் இயங்கியது. அதாவது, 27 ஆண்டுகள் நின்ற பின்னரும் பழைய இயந்திரத்தை உயிர்ப்பிக்க முடிந்தது. அதனை எவரும் அகற்றாமல் விட்டிருந்ததே அதற்கு வழிசெய்தது.

சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக் கடிகாரம் 1913-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் நான்கு மணிகள் இங்கிலாந்தின் கில்லெட் அண்ட் ஜான்ஸ்டன் நிறுவனத்தால் வார்க்கப்பட்டவை. சாவி கொடுத்து இயக்கும் முறையே அதன் அடிப்படை. மும்பைப் பல்கலைக்கழகத்தின் 85 மீட்டர் உயர ராஜாபாய் கோபுரம் 1878-இல் நிறைவுற்று, 2015-இல் சீரமைப்பு முடிந்து புதுப்பொலிவு பெற்றது.

யாழ்ப்பாணம் மணிக்கூட்டுக் கோபுரம், 1875-இல் வேல்ஸ் இளவரசர் ஆல்பர்ட் எட்வர்டின் இலங்கை வருகையை நினைவுகூர எழுப்பப்பட்டது. போர்க்காலத்தில் சேதமடைந்த கோபுரம் 2002-இல் புதுப்பிக்கப்பட்டது. புதிய கடிகாரங்களை அப்போதைய வேல்ஸ் இளவரசர் சார்லஸ் வழங்கினார். பழைய இயந்திரம் மிஞ்சாத இடத்தில் புதிய கடிகாரம் பொருத்துவதே ஏற்ற வழி என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

வெஸ்ட்மின்ஸ்டர் கடிகாரம் 2017-இல் தொடங்கிய சீரமைப்பின்போது முழுமையாகக் கழற்றப்பட்டு, வட இங்கிலாந்தில் உள்ள பணிமனை ஒன்றில் பழுதுநீக்கப்பட்டது. இடைக்காலத்தில் முட்களை மின்மோட்டார் இயக்கியது. 2022 நவம்பரில் மணியோசை மீண்டும் முறையாக ஒலிக்கத் தொடங்கியபோது, 19-ஆம் நூற்றாண்டு இயந்திரமே திரும்பவும் பணிக்கு வந்திருந்தது.

பராமரிப்பவர் கவனத்துக்கு

நின்றுபோன கடிகாரத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் கோயில், தேவாலயம், பள்ளி, உள்ளாட்சி நிர்வாகங்கள் உடனடியாகச் செய்யக்கூடியவை சில உள்ளன. சாளரங்களுக்குக் கம்பிவலை பொருத்தலாம். மழைநீர் கசிவை அடைக்கலாம். கோபுர அறையைப் பூட்டி வைக்கலாம். சாவி, கைப்பிடி, கழன்று விழுந்த திருகு உள்ளிட்ட அனைத்தையும் ஒரே பெட்டியில் சேமிக்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஆனால் பிற்காலத்தில் பழுதுநீக்க வருபவரின் பணியைப் பாதியாகக் குறைக்கும்.

ஓடும் கடிகாரத்துக்கு ஒரு குறிப்பேடு இன்றியமையாதது. சாவி கொடுத்த நாள், காணப்பட்ட நேர வேறுபாடு, இட்ட எண்ணெய், கேட்ட வழக்கத்துக்கு மாறான ஓசை ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். முட்களைப் பின்னோக்கித் திருப்பக் கூடாது. கடிகாரம் முந்தினால், ஊசலைச் சற்று நேரம் நிறுத்தி, சரியான நேரம் வந்ததும் மீண்டும் இயக்க வேண்டும். இம்முறைகளை ஒருவர் மட்டுமே அறிந்திருந்தால், அவர் பணி விலகும் நாளில் கடிகாரமும் நின்றுவிடும். குறைந்தது இருவரையேனும் பழக்கிவைப்பதே, கோபுரக் கடிகாரத்துக்கு நிர்வாகம் அளிக்கக்கூடிய மலிவான காப்பீடாகும்.